சாமான் பட்டியல்

ஒரு வீட்டில் எத்தனை சாமான் இருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. காலி செய்கிற அன்றைக்குத்தான் தெரியும். பரணிலிருந்து இறங்கும் பித்தளைத் தவலைகள், கட்டிலுக்கடியிலிருந்து வெளிப்படும் டிரங்குப் பெட்டி, யாரோ கலியாணத்தில் கொடுத்துக் காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் கிடக்கும் சுவர்க் கடிகாரம் - இவையெல்லாம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தன என்று ஆச்சரியமாக இருக்கும். 'நாலு பாத்திரம், இரண்டு பாய், ஒரு பெட்டி. இவ்வளவுதான் நம் குடித்தனம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், லாரி முக்கால் பாகம் நிரம்பிய பிறகும் கூடத்தில் சாமான் குறையாததைக் கண்டு வாயடைத்து நிற்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

வேப்பூரில் குடியிருப்பவனுக்கு இந்தக் காட்சி அடிக்கடி கிடைக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெரிய சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலத்துக்குப் போகும் சாலையும் இங்கே கூட்டுரோட்டில் சந்திக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிற வண்டிகளைத் தவிர, மற்ற லாரிகளில் என்ன போகிறது என்று தார்ப்பாய்க்கு வெளியே தெரியாது. குடித்தன சாமான் ஏற்றிய லாரியை மட்டும் அந்தக் காலத்தில் மறைக்க முடியாது. ஒரு துடைப்பத்தின் வாலோ, தொட்டிலின் காலோ, தலைகீழாகக் கட்டிய நாற்காலியோ எட்டிப் பார்த்துவிடும். இப்போது அதுவும் மாறிவிட்டது. நாலு பக்கமும் தகரம் அடைத்த பெட்டி வண்டிகள் வந்துவிட்டன. பக்கவாட்டில் 'பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு குடும்பத்தின் முப்பது வருஷம் எண் ஒட்டிய அட்டைப் பெட்டிகளில் அடங்கிக் கிடக்கிறது.

வீடு மாற்றுவதற்கு ஒரு சரித்திரம் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ராஜாக்கள் தலைநகரை மாற்றினால் சரித்திரம். ராமசாமி வாடகை வீட்டை மாற்றினால் அது எப்படிச் சரித்திரமாகும் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். 1327-ஆம் ஆண்டு முகம்மது பின் துக்ளக் தலைநகரை டில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றியதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். டில்லியில் ஒரு வீட்டுக்காரி அன்றைக்கு எதை எடுத்துக் கட்டினாள், எதை விட்டுவிட்டுப் போனாள் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது. ஒரு வீடு இடம் பெயரும்போது எது சாமான் என்று கணக்கில் வருகிறது, எது வராமல் போகிறது, அந்தக் கணக்கை எழுதுகிறவர் யார் - இந்த மூன்றையும் தொடர்ந்து போனால் நல்ல சரித்திரமே கிடைக்கிறது.

முதலில் அந்தக் கணக்கு வீட்டுப் பெண்களின் மனத்தில் இருந்தது. காகிதத்தில் ஏறியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றுவதில்லை என்பது தொடக்கம். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவை எவை என்பதற்கு ஒரு முறை உண்டு. சுவாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், மஞ்சள், உப்பு, அரிசி. பிறகு பால் காய்ச்ச ஒரு பாத்திரம். இவை லாரியில் வருவதில்லை. மனிதர் கையில் வரும். மற்றச் சாமான்களை வண்டியில் ஏற்றுவதற்கும் சாஸ்திரம் இருந்தது. என் தாயார் மூட்டை கட்டுவதைப் பார்த்தே நான் அதைத் தெரிந்துகொண்டேன். பெரிய தவலைக்குள் சின்னத் தவலை, அதற்குள் சொம்பு, சொம்புக்குள் டம்ளர். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பழம் புடவைத் துண்டு. நிலைக்கண்ணாடி இரண்டு மெத்தைகளுக்கு நடுவே போகும். கண்ணாடி வளையல்கள் அரிசி டின்னுக்குள் புதையும். ஊறுகாய் இருக்கும் பீங்கான் ஜாடியை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். பஸ்ஸானாலும் வண்டியானாலும் மடியில் வைத்துக்கொண்டே வருவார். கைக்குழந்தை வைத்திருந்த வருஷங்களில் குழந்தையை எங்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஜாடியை வைத்துக்கொண்டார் என்று என் அக்காள் இப்போதும் கேலி செய்வாள்.

ஏற்ற முடியாதவை என்று சிலவும் இருந்தன. அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவற்றைக் கட்டை வண்டியில் எப்படியாவது ஏற்றிவிடலாம். குதிரை ஏற்ற முடியாது. ஓடுகிற குதிரையைச் சொல்லவில்லை. நெல் கொட்டி வைக்கும் மண் குதிர். அதைக் குயவர் சூளையிலிருந்து முழுதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை. பல வீடுகளில் பச்சை மண்ணால் உறை உறையாக வீட்டுக்குள்ளேயே எழுப்புவார்கள். அது வாசற்படியை விட அகலமாக வளர்ந்துவிடும். காலி செய்கிறபோது உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே பழைய கிராமத்துக் குடும்பம் வீடு மாறினால் நெல் போகும், குதிர் போகாது.

உடையும் சாமானை உடையாமல் அனுப்புவது எப்படி என்பது எங்கள் பக்கத்தார் ஓரளவு அறிந்த வித்தை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று பல சாமான்கள் அங்கே சூளையில் வெந்து வெளியூருக்குப் போகின்றன. அந்தப் பட்டறைகளில் பெட்டி கட்டுகிறவர்களின் கையை நான் வேலையற்று நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறேன். தட்டை ஒருபோதும் படுக்க வைக்க மாட்டார்கள். விளிம்பில் நிறுத்தி, ஒன்றை ஒன்று ஒட்டி, புத்தகம் அடுக்குவது போல அடுக்குவார்கள். காரணம் உண்டு. பீங்கான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. படுத்திருக்கும் தட்டின் மேல் பாரம் ஏறினால் நடுவில் வளைய முயன்று விரிந்துவிடும். நிற்கும் தட்டின் மேல் பாரம் ஏறினால் அது விளிம்பு வழியாக நேரே கீழே இறங்கிவிடும். இந்த நியாயத்தைச் சொல்லத் தெரியாத பையன்கூட அதைக் கையால் தவறாமல் செய்கிறான். இடைவெளியில் வைக்கோல். வைக்கோலின் தண்டு உள்ளே காலியாக இருப்பதால் நசுங்கி மீளும். நம் பாட்டிமார் பானை உருளாமல் இருக்க வைத்த பிரிமணையும் அதே வைக்கோல்தான்.

இந்த வித்தை நமக்கு மட்டும் உரியதென்று பெருமைப்பட வேண்டாம். 1998-இல் இந்தோனேஷியாவின் பெலிதுங் தீவுக்கருகே கடலடியில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சீனத்திலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்த கப்பல். அதில் சுமார் 60,000 பாத்திரங்கள். சீனத்துச் சாங்ஷா சூளைகளின் கிண்ணங்களைப் பெரிய பெரிய ஜாடிகளுக்குள் சுற்றிச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். ஜாடியும் சரக்கு, சரக்குக்குப் பெட்டியும் அதுவே. ஆயிரத்து இருநூறு வருஷம் கடலடியில் கிடந்தும் பல கிண்ணங்கள் கீறல் இல்லாமல் வந்தன. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும் பிற்காலத்தில் இப்படி ஏதோ ஒரு கட்டில் வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். ஓடாகிக் கிடப்பதால், அவை உபயோகப்பட்டு உடைந்தவையா, வரும் வழியில் உடைந்தவையா என்று கேட்கத் தோன்றும்!

வைக்கோலுக்குப் போட்டியாகக் காகிதம் வந்தது மெதுவாகத்தான். 1856-இல் இங்கிலாந்தில் மடிப்பு மடிப்பான காகிதத்துக்கு உரிமை வாங்கினார்கள். உயரமான தொப்பிகளின் உள்ளே வைப்பதற்காக. 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் அதைக் கண்ணாடிக் குப்பிகளைச் சுற்ற உபயோகித்தார். அளவாக வெட்டி மடிக்கும் அட்டைப் பெட்டி 1890-ஐ ஒட்டி ராபர்ட் கெயர் என்பவரால் வந்தது. நம் நாட்டில் வெகு காலம் வரை தேயிலைப் பெட்டிகள்தாம் குடித்தனத்தைச் சுமந்தன. மெல்லிய ஒட்டுப்பலகை, ஓரங்களில் தகரப் பட்டை, உள்ளே ஈயத் தாள். அதைத் திறந்தால் பத்து வருஷத்துக்குப் பிறகும் தேயிலை வாசனை வரும். இப்போதைய குமிழித்தாள் இருக்கிறதே, அதன் பிறப்பு இன்னும் வேடிக்கை. 1957-இல் அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் ஃபீல்டிங், ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போனார்கள். சுவருக்கு அது பிடிக்கவில்லை. சில வருஷங்களில் கம்ப்யூட்டர் யந்திரங்களை அனுப்புவதற்குச் சுற்றும் தாளாக அது பிழைத்துக்கொண்டது. இன்று நம் வீட்டு நிலைக்கண்ணாடியைச் சுற்றியிருப்பது அந்தத் தோற்றுப்போன சுவர்த்தாள்தான். குழந்தைகள் அதை நசுக்கி வெடிப்பது அதற்குக் கிடைத்த உபரி உத்தியோகம்.

சென்ற வருஷம் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகனோடு இருப்பதற்காக ஓசூருக்குக் குடிபோனார். மகன் அங்கிருந்தே ஏற்பாடு செய்துவிட்டான். காலையில் ஐந்து பேர் வந்தார்கள். அவர்கள் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குளிர்பெட்டியை முந்தின நாளே அணைத்து உலர்த்தி வைக்கச் சொல்லிப் போன் செய்திருந்தார்கள். துணி துவைக்கும் யந்திரத்தின் உருளை ஆடாமல் இருக்க அதன் முதுகில் போல்ட்டு முடுக்கினார்கள். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் மட்டும் போட்டார்கள். பெரிய பெட்டியில் போட்டால் அடி பெயர்ந்துவிடும், தூக்குகிறவன் இடுப்பும் போய்விடும். காஸ் சிலிண்டரைத் தொடவே மாட்டோம், ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நகை, பத்திரம், மருந்து மாத்திரை ஆகியவற்றைத் தனிப் பையில் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லாம் புத்திசாலித்தனமான யோசனைகள். மத்தியானத்துக்குள் வீடு காலி.

எனக்கு மனத்தில் தங்கியது வேறொன்று. மேஸ்திரிப் பையன் கையில் பட்டியல் எழுதிக்கொண்டே வந்தான். 'பெட்டி 14, சமையலறை, பலவகை' என்று எழுதினான். அந்த அம்மாள் அருகே வந்து, "தம்பி, அதிலே எங்க அத்தை கொடுத்த ஊறுகாய் ஜாடி இருக்குதுப்பா. அதைத் தனியா எழுதிக்க" என்றார்.

"தனியா எழுதினா மதிப்புப் போடணும்மா. எவ்வளவுன்னு சொல்லுங்க."

"எவ்வளவுன்னா? அறுபது வருஷத்து ஜாடிப்பா."

"ரூபாயிலே சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். சந்தையில் புதுசாக அப்படி ஒரு ஜாடி வாங்கினால் சில நூறு ரூபாய் ஆகும். அதை வாயால் சொல்ல மூவருக்கும் கூச்சமாக இருந்தது. கடைசியில் 'பலவகை' என்றே இருந்துவிட்டது.

பையன் கேட்டதில் தப்பில்லை. அவன் கேட்டது நூற்றைம்பது வருஷத்துக்கும் மேற்பட்ட கேள்வி. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1865-இல் சரக்குச் சுமப்போர் சட்டம் என்று ஒன்று வந்தது. இங்கிலாந்தில் 1830-இல் செய்த சட்டத்தின் வழியில் வந்தது. அதன் கடைசியில் ஓர் அட்டவணை. நாவலாசிரியன் பொறாமைப்படத்தக்க அட்டவணை அது. தங்கம், வெள்ளி, ரத்தினம், முத்து, கடிகாரம், உண்டியல் சீட்டு, நிலப் பத்திரம், படங்கள், எழுத்துக்கள், கண்ணாடி, பீங்கான், பட்டு, சால்வை, தந்தம், கருங்காலி, சந்தனமரச் சாமான், அபின் என்று போகும். பிற்பாடு மேலும் சேர்த்துக்கொண்டே போனார்கள். சினிமாப் படச் சுருள் சேர்ந்தது. விஷத்தை முறிக்கும் என்று நம்பப்பட்ட ஜஹர் மோரா என்ற கல்கூடச் சேர்ந்தது. இந்த அட்டவணையில் உள்ள சாமான் 100 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளதாக இருந்தால், ஒப்படைக்கும்போதே இன்னது, இவ்வளவு பெறும் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், தொலைந்தாலும் உடைந்தாலும் சுமப்பவர் பொறுப்பில்லை. அவரோ அவருடைய ஆளோ குற்றமோ கவனக்குறைவோ செய்திருந்தால் மட்டும் பொறுப்பு உண்டு. அந்தக் கவனக்குறைவை வழக்குப் போடுகிறவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று இன்னொரு பிரிவு ஏழைக்கு இரங்கியது.

1865-இல் நூறு ரூபாய் பெரிய பணம். அந்தச் சட்டம் இருந்த வரையில் நூறு நூறாகவே இருந்தது. ரூபாய்தான் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடியும் பீங்கானும் ராஜா வீட்டுச் சாமானாக இருந்த காலத்தில் எழுதியது, எல்லா வீட்டு அலமாரியிலும் அவை ஏறிய பிறகும் அப்படியே நின்றது. அட்டவணையில் 'எழுத்துக்கள்' என்று ஓர் இனம் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். கையெழுத்துப் பிரதிக்கு மதிப்பு உண்டு என்று பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது!

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2007-இல் சாலை வழிச் சரக்குச் சட்டம் என்று புதிதாகச் செய்து, 2011 மார்ச் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அட்டவணை ஒழிந்தது. அதற்குப் பதிலாக எல்லாச் சாமானுக்கும் ஒரே அளவுகோல். மதிப்புக் கூட்டிச் சொல்லி அதற்கான கட்டணமும் கொடுத்தால் ஒழிய, நஷ்டஈடு வண்டிக் கூலியைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகாது. வழக்குப் போடுவதற்கு முன்னால் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுவும் சாமானை ஒப்படைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள். லாரி ரசீதில் 'உடைமையாளர் பொறுப்பில்' என்று ரப்பர் முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்து அநேகர் பயந்துவிடுகிறார்கள். அந்த முத்திரை சுமப்பவரின் கவனக்குறைவை மன்னித்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வீடு மாற்றப் போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் 'பலவகை' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பலவகைக்கு நஷ்டஈடு வாங்கியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இது வரைக்கும் நான் சொன்னது தாமாக விரும்பி வீடு மாறுகிறவர்களின் பட்டியல். மதிப்பைச் சொல்லும் உரிமையாவது அவர்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் கேட்காமலே வீட்டு வாசலில் வந்து எழுதப்படுகிற இன்னொரு பட்டியலும் இருக்கிறது. அதை எழுதுகிறவர் லாரிக்காரர் அல்ல; சர்க்கார். அதற்கான சட்டம் 1894-இல் வந்த நில எடுப்புச் சட்டம். பொதுக் காரியத்துக்காக நிலத்தை எடுக்கும்போது கலெக்டர் எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதன் 23-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்லிற்று. நிலத்தின் சந்தை விலை, நிற்கும் பயிரும் மரமும், துண்டுபட்ட நிலத்தின் நஷ்டம். ஐந்தாவதாக, குடியிருப்பை மாற்ற நேர்ந்தால் அந்த மாற்றத்துக்கு ஆகும் நியாயமான செலவு. வண்டிக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். கட்டாயப்படுத்தி எடுப்பதற்காக விலைக்கு மேல் நூற்றுக்குப் பதினைந்து. 1984-இல் இது முப்பது ஆயிற்று.

அடுத்த பிரிவு 24. அது கலெக்டர் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லும். அதில் இரண்டாவதாக ஒரு வாசகம். நிலத்துக்குரியவர் அதைப் பிரிய மனமில்லாதிருப்பது கணக்கில் வராது. சட்டப் புத்தகங்களில் நான் படித்த மிகவும் நேர்மையான வரி இதுதான். மனமில்லாமை என்று ஒன்று இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர் நன்றாக அறிந்திருந்தார். அறிந்துதான் அதைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்.

அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்தில்தான் மேட்டூர் அணை எழுந்தது. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவின் சோற்றுக்காகக் கட்டியது. அதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. நீர் மட்டம் மிகவும் குறைகிற கோடைகளில் பண்ணவாடிப் பக்கத்தில் ஒரு நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஏற்ற முடியாமல் விட்டுப்போனவை அவை.

எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது நெய்வேலி. வேப்பூரிலிருந்து கிழக்கே விருத்தாசலம், அதைத் தாண்டினால் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று தெரிந்து, ஆராய்ந்து, 1956 நவம்பரில் அதற்கென்று சர்க்கார் கம்பெனி அமைத்தார்கள். 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வெட்டுவதைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிக்கு மேலே நூற்றைம்பது அடிக்கும் அதிகமான மண். கீழே பீறிட்டுக்கொண்டு ஏறத் துடிக்கும் ஊற்று நீர். இரண்டையும் வென்று 1961-இல் கரியைக் கண்டார்கள். அடுத்த வருஷம் மின்சாரம் வந்தது. மேலிருந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. அதைக் கழுவிப் பிரிக்க அங்கே ஓர் ஆலையே வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பீங்கானைப் பற்றி முன்னே சொன்னேன் அல்லவா? ஊர்கள் நின்ற மண்ணுக்கும் பீங்கானுக்கும் அப்படி ஓர் உறவு.

மண்ணுக்கு மேலே ஊர்கள் இருந்தன. நெய்வேலி என்பதே அப்படி ஒரு கிராமத்தின் பெயர். கிராமம் போய்ப் பெயர் மட்டும் தங்கி, ஒரு புதிய நகரத்தின் மேல் ஏறிக்கொண்டது. அந்த நகரத்தில் தெருவிலாசம் சொல்பவர்கள் 'வட்டம்' என்று எண்ணைச் சொல்லுவார்கள். அகலமான சாலை, மரம், ஒழுங்கான வீடு எல்லாம் உண்டு. எனக்கு அந்த ஊரைப் பிடிக்கும். ஆனால் எண்ணைக் கேட்கும்போதெல்லாம் பெட்டி 14 ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

என் மனைவி வழியில் ஒரு பாட்டி, சிறு பெண்ணாக இருந்தபோது அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வீட்டோடு கிளம்பி வந்தவர். என்னென்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் அதை வரிசையாகச் சொல்லவில்லை. எடுத்து வராததைத்தான் சொன்னார். கிணறு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கொல்லையில் இருந்த புளியமரத்துக்கு ஆள் வந்து சுற்றளவு பிடித்து எழுதிக்கொண்டு போனான். "மரத்துக்குக் காசு குடுத்தாங்க தம்பி. நிழலுக்கு யாரு குடுப்பா?" என்றார். குதிரை அவருடைய தகப்பனாரே உலக்கையால் இடித்து உடைத்தாராம். நெல்லை மூட்டையில் கட்டி ஏற்றிய பிறகு அம்மா அடுப்பை மெழுகிக் கோலம் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாளாம். இடிபடப் போகிற வீட்டுக்கு ஏன் கோலம் என்று யாரோ கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லையாம்.

மின்சாரம் வேண்டாம் என்று பாட்டி சொல்லவில்லை. அவர் வீட்டில் விசிறி ஓடுகிறது. நானும் இந்தக் கட்டுரையை அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கரியை எடுத்ததைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, பட்டியலைப் பற்றித்தான். பிரிய மனமில்லாமையைக் கணக்கில் சேர்க்காதே என்ற ஒரு வரி நூற்றிருபது வருஷம் சட்டப் புத்தகத்தில் நின்றது. நிற்கும் பயிரை அந்தப் புத்தகம் கணக்கில் சேர்த்துக்கொண்டதுதான். ஆனாலும் பயிருக்குத் தொகை எழுதுவது வேறு, விளைந்து நிற்பதைப் பார்ப்பது வேறு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிரின் மேல் மண்வெட்டும் யந்திரங்கள் இறங்கியபோது ஜில்லாவே கொதித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. அது பழைய கேள்வி, புதிய யந்திரம்.

1894-ஆம் வருஷத்துச் சட்டம் 2014 ஜனவரி முதல் தேதி விடைபெற்றது. அதனிடத்தில் வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பல விதத்தில் தாராளமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விலைக்கு மேல் நூற்றுக்கு நூறு கொடுக்கச் சொல்கிறது. இடம் பெயரும் குடும்பத்துக்கு ஒரு வருஷம் மாதம் 3,000 ரூபாய், மறுபடி குடியமர்வதற்கு 50,000 ரூபாய் என்று இரண்டாம் அட்டவணையில் போட்டிருக்கிறது. அதிலேயே வண்டிக் கூலிக்கும் தனி வரி உண்டு. குடும்பம், வீட்டுக் கட்டுமானப் பொருள்கள், உடைமைகள், கால்நடைகள் ஆகியவற்றைக் கொண்டுபோக ஒரே தடவையாக 50,000 ரூபாய்.

கட்டுமானப் பொருள்கள் என்று அதில் எழுதியவர் யாரோ, அவர் கிராமத்தார் வீடு மாறுவதைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். பட்டணத்தான் ஜன்னலையும் கதவையும் விட்டுவிட்டுப் போகிறான். கிராமத்தான் அவற்றைத்தான் முதலில் கழற்றுகிறான். பாட்டியின் தகப்பனாரும் ஓட்டை இறக்கி, உத்தரத்தை இறக்கி, கடைசியாக வாசல் நிலையைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அவருடைய தகப்பனார் காலத்து நிலை; நெற்றியில் தாமரை செதுக்கியது. வைக்கோலைப் பிரியாகத் திரித்து, தாமரை மேல் மட்டும் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாராம். புது இடத்தில் எழுப்பிய வீட்டுக்கு அது உயரம் அதிகமாகிவிட்டது. மாட்டுக் கொட்டகைக்கு வைத்தார்கள். கொட்டகையில் இப்போது மாடு இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. போன மாதம் போயிருந்தபோது பாட்டி அந்த நிலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.